சோடாப்பேணி அடுப்பும் பகலில் மறையும் சுவாலையும்

வெயில் வேளையில் வழிக்கடையொன்றில் சோடா வாங்கிக் குடித்துவிட்டு, வெறும் பேணியைக் கையால் நசுக்கி வேலியோரம் எறிந்துவிட்டுப் போவது நம்மவர்க்குப் பழகிப்போன செயல். அந்த அலுமினியப் பேணியின் நிறை பதினைந்து கிராமுக்கும் குறைவு. அதன் சுவரோ நாம் எழுதும் கடதாசியின் தடிப்பே உடையது. இத்தகைய பேணிகள் இரண்டை எடுத்து, கத்தரிக்கோலும் தையலூசியும் கொண்டு ஓர் அடுப்புச் செய்து, அரை லீற்றர் தண்ணீரை ஏழெட்டு நிமிடத்தில் கொதிக்க வைத்துவிடலாம் என்று ஒருவர் கூறினால் எத்தனை பேர் நம்புவர்? நானும் முதலில் நம்பவில்லை. பாடசாலை விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மருமகன், பதினைந்து வயதுச் சாரணன், எங்கள் கிணற்றடியில் அதனைச் செய்து காட்டிய பின்னரே நம்பினேன். அதே கிணற்றடியில், அதே அடுப்பினால், மறுநாள் நிகழ்ந்ததையும் இக்கட்டுரையிற் சொல்லவே வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னர் அடுப்பின் வரலாற்றையும் அதன் சூட்சுமத்தையும் அறிந்துகொள்வோம்.

நெடுவழி நடப்போரின் அடுப்பு

பேணியடுப்பு பேரும் புகழும் பெற்ற இடம் அமெரிக்காவின் நெடுந்தூர நடைபாதைகளாகும். அவற்றுள் முதன்மையானது அப்பலாச்சியன் பாதை. 1921ஆம் ஆண்டில் பென்ரன் மக்கை என்பவர் எடுத்துரைத்த எண்ணம், 1937ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற பாதையாயிற்று. இன்று அது ஜோர்ஜியா மாநிலத்தின் ஸ்பிறிங்கர் மலையில் தொடங்கி, வடக்கே மேய்ன் மாநிலத்தின் கற்றாடின் மலையில் முடிகிறது. அதன் நீளம் ஏறக்குறைய 3,500 கிலோமீற்றர். நமது தீவை வடமுனையிலிருந்து தென்முனை வரை எட்டுத் தரம் நடந்தாற் போன்ற தூரம். அதனை ஒரே பயணத்தில் நடந்து முடிக்க ஐந்தாறு மாதங்கள் செல்லும். எல்லாவற்றையும் முதுகிற் சுமந்துகொண்டே செல்ல வேண்டும்.

முதுகிற் சுமப்பவனுக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கிற்குரியது. 1955ஆம் ஆண்டில் அப்பாதை முழுவதையும் தனியே நடந்து முடித்த எம்மா கேற்வூட் என்னும் 67 வயது மூதாட்டி, தாமே தைத்த துணிப்பை ஒன்றைத் தோளில் மாட்டி, சாதாரண துணிச் சப்பாத்துக் காலுடன் நடந்தார் என்பது அந்நாட்டில் இன்றும் வியந்து பேசப்படுகிறது. பிற்காலத்தில், 1990களில், றே ஜார்டின் என்ற மலையேறி, பசிபிக் கரையோரமாகச் செல்லும் மற்றொரு நெடும்பாதையைப் பற்றி எழுதிய கைந்நூலில், மூட்டையின் பாரத்தைக் குறைப்பதையே முதற் பாடமாக்கினார். அவர் விமானத் தொழிற்றுறையில் வேலைபார்த்த பொறியியலாளர். கயிற்றின் நீளம், பையின் துணி, பல்துலக்கியின் பிடி எனச் சகலமும் நிறுத்துப் பார்க்கப்பட்டன. அந்தத் தராசில் அடுப்பும் ஏறியது. கடையில் விற்கும் வாயு அடுப்பும் அதன் சிறிய வாயுக்கலமும் சேர்ந்து ஏறக்குறைய முந்நூறு கிராம் நிறுக்கும். குப்பையிற் கிடந்த பேணியால் ஆன அடுப்போ பதினைந்து கிராம், விலையும் இல்லை. நடப்பவர்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பர் என்று சொல்லவும் வேண்டுமா?

ஆயினும் இந்த எண்ணம் அவர்களுடைய கண்டுபிடிப்பு அன்று. இரட்டைச் சுவருடைய ஸ்பிரிட்டு அடுப்புக்கு 1904ஆம் ஆண்டிலேயே நியூயோர்க்கைச் சேர்ந்த ஹைன்றிக்ஸ் என்ற செப்புத் தொழிலாளர் ஒருவர் காப்புரிமை பெற்றிருந்தார். சுவீடன் நாட்டில் 1925ஆம் ஆண்டு பாத்திர உற்பத்தியில் இறங்கிய ட்றாங்கியா நிறுவனம், காற்றுத் தடுப்புடன் கூடிய தனது ஸ்பிரிட்டு அடுப்பை 1951ஆம் ஆண்டில் வெளியிட்டது. பித்தளையாலான அதன் எரிகலம் 110 கிராம் அளவு நிறுக்கும். திருகுமூடியும், சுவாலையைக் குறைக்கும் வளையமும் அதற்கு உண்டு. இன்றும் பாடசாலைப் பிள்ளைகள் முதல் மலையேறுவோர் வரை பலர் அதனைப் பயன்படுத்துகின்றனர். சோடாப்பேணி அடுப்பு இந்தப் பித்தளை அடுப்பின் ஏழைத் தம்பி எனலாம்.

நம் நாட்டாருக்கும் ஸ்பிரிட்டு நெருப்புப் புதியதன்று. 1892ஆம் ஆண்டில் சுவீடனில் தோன்றிய பிறைமஸ் அடுப்பை மூட்டுமுன் அதன் சிறு கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்திக் குழாயைச் சூடாக்கியதும், கலியாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் பெற்றோமாக்ஸ் விளக்குக்கு அவ்வாறே செய்ததும் மூத்தவர்கட்கு நினைவிருக்கும். அன்று மண்ணெண்ணெயை எழுப்பிவிடும் சிறு வேலையோடு ஸ்பிரிட்டு ஓய்ந்துவிடும். பேணியடுப்பில் முழு வேலையையும் அதுவே செய்கிறது.

தன் உணவைத் தானே சமைக்கும் நெருப்பு

இந்த அடுப்பின் சூட்சுமம் மிக எளியது, அழகியதுமாகும். இரண்டு பேணிகளின் அடிப்பாகங்களும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகப்பட்டு, நடுவே ஒரு தகட்டு வளையம் நிறுத்தப்படுகிறது. ஆகவே நடுவில் ஒரு கிணறும், அதனைச் சுற்றி இரு சுவர்களுக்கிடையே ஒடுங்கிய ஓர் அறையும் உண்டாகின்றன. கிணற்றில் ஊற்றிய ஸ்பிரிட்டு, தகட்டின் அடியில் வெட்டிய சிறு வாய்களின் வழியே அந்த அறைக்குள்ளும் சென்று நிற்கும். கொளுத்தியவுடன் நடுக்கிணற்றில் மாத்திரம் சோம்பலான மஞ்சட் சுவாலை எழும். அரை நிமிடம், முக்கால் நிமிடம் பொறுத்திருந்தால் உலோகம் சூடேறி, அறைக்குள் இருக்கும் ஸ்பிரிட்டு கொதிக்கத் தொடங்கும். எதனோல் மதுசாரம் 78 பாகை செல்சியசில் கொதிப்பது. மெதனோல் 65 பாகையிலேயே கொதித்துவிடும். அந்த ஆவி வெளியேற வேறு வழியின்றி, விளிம்பில் ஊசியாற் குத்திய துளைகள் வழியே பீறிட்டு எரியும். இருபது நீலச் சுவாலைகள் வட்டமாகப் பூத்து நிற்பதைக் காணும்போது, கார்த்திகை விளக்கீட்டில் வரிசையாய் ஏற்றிய சிட்டிகள் என் நினைவுக்கு வந்தன. அச்சுவாலைகளின் வெப்பம் மீண்டும் சுவரைச் சூடாக்கும். சுவர் ஸ்பிரிட்டைக் கொதிக்கச் செய்யும். ஆவி மேலும் எழும். பம்பியடிக்க வேண்டியதில்லை, திரியும் இல்லை. எரிபொருள் தீரும்வரை நெருப்பு தன் உணவைத் தானே சமைத்து உண்கிறது.

அலுமினியம் 660 பாகையில் உருகுவதாயிற்றே, கடதாசித் தடிப்புள்ள பேணி ஏன் உருகவில்லை என்று என் மருமகனிடம் கேட்டேன். "உள்ளே ஸ்பிரிட் கொதிச்சுக்கொண்டிருக்கும்வரை தகடு அந்தச் சூட்டுக்கு மேலே பெரிசாய்ப் போகாது மாமா. கடதாசிக் குவளையிலே தண்ணீர் கொதிக்க வைக்கிற மாதிரித்தான்" என்றான். சொன்னது சரியே. திரவம் சூட்டை உடனுக்குடன் வாங்கி ஆவியாகிச் செல்வதால் உலோகம் தப்புகிறது.

செய்முறை

ஒரே அளவான இரண்டு சோடாப்பேணிகளைக் கழுவி உலர்த்திக்கொள்க. ஒன்றின் அடியிலிருந்து மூன்று சென்றிமீற்றர் உயரத்திலும், மற்றதன் அடியிலிருந்து இரண்டரைச் சென்றிமீற்றர் உயரத்திலும் கோடிட்டு வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பு சவர அலகு போன்றது. கையுறையின்றி இவ்வேலையில் இறங்குதல் ஆகாது. உயரம் கூடியது அடிப்பாகம்; குறைந்தது மேற்பாகம். மேற்பாகத்தின் குழிந்த நடுப்பகுதியைக் கூரிய கத்தியால் வட்டமாகக் கீறி எடுத்துவிட, விளிம்பு வளையம் மாத்திரம் எஞ்சும். அவ்விளிம்பைச் சுற்றிச் சம இடைவெளியில் பதினாறு தொடக்கம் இருபத்துநான்கு வரையான துளைகளைத் தையலூசியாற் குத்துக. துளை பெரிதானால் ஆவி வேகமின்றி வெளியேறிச் சுவாலை மஞ்சளாகித் தள்ளாடும். என் மருமகனின் முதலாவது அடுப்பு ஆணியாற் குத்தியதனாலேயே கெட்டது.

எஞ்சிய தகட்டிலிருந்து மூன்றரைச் சென்றிமீற்றர் அகலமான பட்டியொன்றை வெட்டி வளையமாக்கி, அதன் அடிவிளிம்பில் மூன்று சிறு வாய்கள் வெட்டுக. இவ்வளையம் அடிப்பாகத்தின் உட்புறத்திலுள்ள பள்ளத்தில் அமர வேண்டும். இனி மேற்பாகத்தைக் கவிழ்த்து அடிப்பாகத்துக்குள் செருக வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுவே. இரண்டும் ஒரே அளவாதலால் எளிதில் இறங்கா. திறக்காத முழுச்சோடாப் பேணி ஒன்றை அடிப்பாகத்துக்குள் அழுத்திச் சுழற்றினால் அதன் வாய் சற்று விரிந்து கொடுக்கும். அவசரப்பட்டுத் தள்ளினால் தகடு கிழியும். கிழிந்த அடுப்பைப் பசை போட்டு ஒட்டி எரிக்க நினைத்தல் வேண்டாம். வேறொரு பேணியை எடுப்பதே நலம்.

இத்தனை பாடுபட விரும்பாதவர்க்கு இன்னும் இலகுவான வகை ஒன்றுண்டு. பூனை உணவு அடைத்து விற்கும் 85 கிராம் அலுமினியப் பேணியின் விளிம்புக்குக் கீழே, கடதாசி துளைக்கும் கருவியால் இரண்டு வரிசைத் துளைகள் இட்டுவிட்டால் அடுப்பு ஆயத்தம். பாத்திரத்தை அதன்மேலேயே வைத்துவிடலாம். வாய் மூடப்பட்டதும் சுவாலை பக்கத்துத் துளைகளால் வெளிவரும். கொளுத்தியவுடன் பாத்திரத்தை வைத்தால் நெருப்பு மூச்சடைத்து அணைந்துவிடும். ஸ்பிரிட்டு சூடேறும்வரை அரை நிமிடம் காத்திருத்தல் வேண்டும். வீட்டிற் பூனையே இல்லாத அமெரிக்க நடைப்பயணிகள் பூனை உணவு வாங்குவதன் இரகசியம் இதுதான்.

சோடாப்பேணி அடுப்புக்கு மாத்திரம் பாத்திரந்தாங்கி ஒன்று வேண்டும். பழைய சைக்கிள் கம்பிகளை வளைத்து முக்காலி செய்துகொள்ளலாம். சுவாலைத் துளைகளுக்கும் பாத்திரத்தின் அடிக்கும் இடையே மூன்று சென்றிமீற்றர் அளவு வெளி இருக்கட்டும். காற்றைத் தடுக்க அலுமினியத் தாளை மடித்துச் சுற்றிலும் நிறுத்துக. ஆயினும் அடியில் ஒட்சிசன் நுழைய இடம் விடுதல் அவசியம். காற்றுத் தடுப்பு இல்லாமல் இந்த அடுப்பு அடுப்பே அன்று. மெல்லிய காற்றிலும் சுவாலை சாய்ந்து, எரிபொருள் தீர்ந்த பின்னும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே கிடக்கும்.

எதை ஊற்றுவது?

ஸ்பிரிட்டு என்னும் ஒரே பெயரில் பல பொருள்கள் உலவுவதால் இங்கு விழிப்புத் தேவை. எதனோல் பெரும்பங்காயுள்ள, குடிக்கவொண்ணாதபடி கலப்பூட்டிய ஸ்பிரிட்டே சமையலுக்கு ஏற்றது. மெதனோல் தூய நீலமாக எரியும், புகைக்கரி படியாது. அமெரிக்காவில் மோட்டார் வாகனங்களின் பெற்றோற் குழாயில் நீர் உறையாதிருக்க ஊற்றும் 'ஹீற்' என்ற திரவம், மஞ்சட் போத்தலில் வருவது, பெரும்பாலும் மெதனோலே. பெற்றோல் நிலையங்களிற் கிடைப்பதால் நடைப்பயணிகள் அதனை விரும்பி வாங்குகின்றனர். ஆனால் மெதனோல் கொடிய நஞ்சு. உடலுக்குள் சென்றதும் ஈரல் அதனைப் போமல்டிகைட்டாகவும் பின் போமிக்கமிலமாகவும் மாற்ற, அந்த அமிலம் கண்ணின் பார்வை நரம்பைத் தாக்கிக் குருடாக்கிவிடும், உயிரையும் கொள்ளும். தோலினூடாகவும் சுவாசத்தினூடாகவும் அது உடலிற் சேரவல்லது. தண்ணீர்ப் போத்தலில் இதனை ஊற்றி வைத்தல் பெருங்குற்றமெனவே நான் கருதுகிறேன். இருளில் தாகத்துடன் எழுந்த ஒருவர் கைக்கு எட்டியதை எடுத்துக் குடிக்கமாட்டார் என்பதற்கு யார் பிணை நிற்பர்?

2020ஆம் ஆண்டுத் தொற்றுக் காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து சேர்ந்த கைத்தொற்று நீக்கித் திரவத்தை ஊற்றலாமா என்று சிலர் கேட்கின்றனர். அதில் மூன்றிலொரு பங்களவு தண்ணீர் கலந்திருப்பதால் சூடு குறையும். எரிந்து முடிந்தபின் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கும். ஐசோபுரோப்பைல் வகையாயின் பாத்திரமெல்லாம் கரி பூசிவிடும். பெற்றோலையோ மண்ணெண்ணெயையோ இந்த அடுப்பில் ஊற்றுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை; அது தற்கொலைக்கு ஒப்பாகும்.

சூட்டைப் பொறுத்தவரை மதுசாரம் சிக்கனமான எரிபொருளன்று. ஒரு கிலோகிராம் எதனோல் தரும் வெப்பம் மண்ணெண்ணெய் தருவதில் மூன்றிலிரண்டு பங்கிலும் குறைவு; மெதனோல் தருவது பாதியிலும் குறைவு. அரை லீற்றர் தண்ணீருக்கு இருபது மில்லிலீற்றர் அளவு எதனோல் செலவாகும் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு இருதரம் கொதிக்க வைப்பவர் நான்கைந்து நாள்களுக்கு இருநூறு மில்லிலீற்றர் சுமந்தாற் போதும். அப்பலாச்சியன் பாதையில் சில நாள்களுக்கொரு தரம் ஊர்ப்பக்கம் இறங்கிப் பொருள் வாங்கலாம் என்பதாலேயே அங்கு இக்கணக்கு இலாபமாகிறது. இரண்டு கிழமைகள் கடையே காணாத காட்டுக்குள் செல்பவர்க்கும், குழுவாகச் சென்று சோறும் கறியும் சமைக்க விரும்புவோர்க்கும் இந்த அடுப்பு உதவாது. குளிரிலும் அது சண்டித்தனம் செய்யும். எதனோலின் ஆவி தீப்பற்றுவதற்கு அத்திரவம் ஏறக்குறைய 13 பாகை செல்சியசுக்கு மேல் இருத்தல் வேண்டும். நுவரெலியாவின் தை மாத விடியலில் நெருப்புக்குச்சியை எத்தனை தரம் கிழித்தாலும் பற்றாமற் போனால் வியப்பில்லை. அதனாலேயே நடைப்பயணிகள் ஸ்பிரிட்டுப் போத்தலைச் சட்டைக்குள் வைத்து உடற்சூட்டில் காத்து வருவர்.

கிணற்றடியில் நிகழ்ந்தது

இனி அந்த மறுநாட் கதைக்கு வருகிறேன். முற்பகல் பதினொரு மணி, நல்ல வெயில். முதல்நாள் மாலை மங்கலில் நீலப்பூவாய்த் தெரிந்த சுவாலை, வெயிலில் சிறிதும் தெரியவில்லை. மதுசாரச் சுவாலையில் ஒளிரும் கரித்துகள்கள் இல்லாமையே அதற்குக் காரணம். மண்ணெண்ணெயிலும் விறகிலும் நாம் காணும் மஞ்சள் ஒளி அத்துகள்களுடையதே. கேத்தலின் இரைச்சல் ஓய்ந்தது. "மாமா, நெருப்பு நூர்ந்து போச்சுது. இன்னும் கொஞ்சம் விட வேணும்" என்று சொல்லிக்கொண்டே மருமகன் போத்தலை எடுத்துச் சரித்தான்.

நெருப்பு நூர்ந்திருக்கவில்லை. சரிந்து விழுந்த ஸ்பிரிட்டைப் பற்றிக்கொண்டு அது போத்தலின் வாய்க்குள் பாய்ந்தது. உள்ளே காற்றும் ஆவியும் கலந்து நின்றன. 'புசுக்' என்றொரு சத்தம். துப்பாக்கியிலிருந்து புறப்பட்டாற்போல் நெருப்பு ஒன்று போத்தலிலிருந்து முன்னோக்கிப் பாய்ந்து, துணி தோய்க்கும் கல்லுக்கு மேலாகச் சென்றது. அந்தப் பக்கத்தில் ஒரு கணத்துக்கு முன்னர் நின்றவள் அவனுடைய தங்கை. பூவரசம் இலை பொறுக்க அவள் வேலியடிக்குப் போயிருந்தாள். அவன் போத்தலை விட்டெறிந்தான். நான் கிணற்றுக்கட்டிற் கிடந்த ஈரச்சாக்கை இழுத்து மேலே போட்டேன். வலக்கையின் மூன்று விரல்கள் வெந்துவிட்டன. வாளி வாளியாய்த் தண்ணீர் அள்ளி இருபது நிமிடம் அக்கையின்மேல் ஊற்றிக்கொண்டிருந்தோம். பின்னர் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம். பற்பசை பூசுவோமா என்று அயலார் கேட்டார்கள். பூசவில்லை, வெந்த புண்ணுக்கு ஓடும் தண்ணீரே முதல் மருந்து.

இது எங்கள் பையனின் தனிப்பட்ட கவனயீனம் என்று எண்ணிவிடலாகாது. 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகரப் பாடசாலையொன்றில், ஆசிரியர் மெதனோலைக் கொண்டு நிறச்சுவாலைப் பரிசோதனை காட்டியபோது, போத்தலிலிருந்து இவ்வாறே நெருப்புப் பாய்ந்து மாணவர்கள் காயமடைந்தனர். அந்நாட்டின் இரசாயனப் பாதுகாப்புச் சபை, அதற்கு முந்திய ஆண்டிலேயே இத்தகைய பரிசோதனைகளைக் குறித்து எச்சரிக்கைப் படமொன்றை வெளியிட்டிருந்தது. ஆய்வுகூடத்திலும் கிணற்றடியிலும் நெருப்புக்கு இயல்பு ஒன்றே.

இந்த அடுப்பில் திருகுமில்லை, வால்வுமில்லை. ஊற்றியதெல்லாம் எரிந்தே தீரவேண்டும். அதன் எளிமையை மெச்சும்போதே இதனையும் சேர்த்தெண்ண வேண்டும். பதினைந்து கிராமில் ஓர் அடுப்புக் கிடைப்பது, நெருப்பை அடக்கும் உறுப்பு யாவற்றையும் நீக்கிவிட்டதால்தான். அந்த உறுப்பின் வேலை இப்போது எரிப்பவன் தலையில் விழுகிறது. ஆகவே ஒருமுறைக்கு வேண்டியதை மாத்திரம் சிறு மூடியால் அளந்து ஊற்றுக. ஊற்றியதும் போத்தலை இறுக மூடி, அப்பால் வைத்த பின்னரே கொளுத்துக. எரிபொருள் போதாமற் போனால் அடுப்பைக் கையால் தொடக்கூடிய அளவு ஆறவிட்டே மறுபடி ஊற்ற வேண்டும். நெருப்பு உண்டா இல்லையா என்ற ஐயமிருப்பின் காய்ந்த இலையொன்றை மேலே பிடித்துப் பார்த்தால் அது சொல்லிவிடும். அணைப்பதற்கு, அடுப்பை முழுதும் மூடக்கூடிய பெரிய பேணியொன்றைப் பக்கத்தில் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். ஒரு குவளை தண்ணீரை ஊற்றினால் அணையாது. சரிபாதி தண்ணீர் கலந்த மதுசாரமும் எரியும், அன்றியும் அது வழிந்தோடும் இடமெல்லாம் நெருப்பும் ஓடும். கூடாரத்துக்குள் எரித்தல் கூடவே கூடாது. துணி தீப்பற்றும் என்பது ஒருபுறமிருக்க, மணமும் நிறமும் அற்ற காபனோரொட்சைட்டு வாயு உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிடும்.

புல்லில் விழுந்த அடுப்பு

2012ஆம் ஆண்டு மே மாதம் கொலறாடோ மாநிலத்தின் போட் கொலின்ஸ் நகருக்கு மேற்கே, ஹியூலெற் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் ஒருவர் மதுசார அடுப்பொன்றை மூட்டினார். வீசிய காற்றில் அடுப்புச் சரிந்தது. காய்ந்த புல் பற்றிக்கொண்டது. 7,685 ஏக்கர் நிலம் எரிந்தது. அதாவது முப்பது சதுரக் கிலோமீற்றருக்கும் மேல். அயற் குடிகள் வீடுவாசலை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. உள்ளங்கையில் அடங்கும் அடுப்பு ஒன்று, அதில் சில மேசைக்கரண்டி திரவம்; அத்தனைக்கும் அவ்வளவே முதல்.

சரிந்த வாயு அடுப்பைத் திருகி மூடிவிடலாம். சரிந்த மதுசார அடுப்போ, உள்ளே இருப்பதை எரியவிட்டபடியே நிலத்திற் கொட்டிவிடுகிறது. பகலாயின் அது எங்கே ஓடுகிறது என்பதும் புலப்படாது. இதனாலேயே வரட்சிக் காலத் தீத்தடை நடைமுறையில் இருக்கும்போது, மேற்கு அமெரிக்காவின் வனங்கள் பலவற்றில் திருகி மூடும் வால்வுள்ள அடுப்புகளுக்கு மாத்திரமே அனுமதி உண்டு. பேணியடுப்பைக் கொண்டாடிய அதே நெடுவழி நடப்போர், கலிபோர்னியாவை எட்டியதும் வாயு அடுப்புக்கு மாறிக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. பாரம் கூடுகிறதே என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆயினும் இவ்விதி நியாயமானதென்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் மலைநாட்டில் மாசி பங்குனி மாதங்களில் பத்தனைப் புல்வெளிகள் மஞ்சளாகக் காய்ந்து கிடப்பதைக் கண்டோர், இதனை வேற்று நாட்டுக் கதையென்று தள்ளிவிடமாட்டார்கள். அந்நாள்களில் மலைச்சரிவுகள் கருகிக் கிடப்பதை இரயிற் பயணத்திற் கண்டிருக்கிறோம். கூடாரமடிக்கப் போகும் இளைஞர்கள் இவ்வடுப்பை எடுத்துச் செல்வதாயின், அவ்விடத்து விதிகளை முதலில் கேட்டறிந்து, நெருப்புக்கு அனுமதியுள்ள இடத்தில், புல்லை அகற்றிய வெறுமண்ணிலோ பாறைமீதோ மட்டமாக வைத்தல் வேண்டும்; காற்று எழுந்தால் அன்று பாணும் வாழைப்பழமும் போதும்.

நெருப்பைச் சிக்கனமாகப் பேணும் கலையில் நம்மவர்க்கு எவரும் பாடஞ் சொல்லத் தேவையில்லை என்று சில வேளைகளில் எண்ணுவதுண்டு. 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமின்றி, மண்ணெண்ணெயும் தங்கமாய் விலைபோன காலத்தில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சில துளி எண்ணெயும் வைத்துச் செய்த விளக்கொளியில் ஒரு தலைமுறை படித்துப் பரீட்சை எழுதியது. என் மருமகனின் தாய் அவர்களுள் ஒருத்தி. மகனுடைய கைக்கட்டைப் பார்த்தபோது அவள் அவனை ஏசவில்லை. "அந்த விளக்கையும் எரிய எரியத் திறந்து எண்ணெய் விட அம்மா ஒருநாளும் விட்டதில்லை" என்று மாத்திரம் சொன்னாள்.

விரல்கள் ஆற ஒரு மாதம் சென்றது. அடுத்த விடுமுறைக்கு வந்தபோது அவன் புதிய பேணிகளுடன்தான் வந்தான். எரிந்துபோன போத்தலைப் போன்ற பெரிய போத்தல் இம்முறை இல்லை. மருந்துக் கடையில் விற்கும் சிறு போத்தல் ஒன்று, அதன்மேல் சிவப்பு மையில் பெரிய எழுத்தில் 'நஞ்சு'. மூடியால் இரண்டு தரம் அளந்து ஊற்றினான். போத்தலைக் கொண்டுபோய் வேலிக் கதியாலில் கட்டித் தொங்கவிட்டுத் திரும்பி வந்தான். பால்மாப் பேணி ஒன்றைக் கவிழ்த்து வலப்பக்கத்தில் வைத்தான். தங்கையைக் கிணற்றுக்கட்டுக்கு அப்பால் போய் நிற்கச் சொன்னான். அதன்பிறகே நெருப்புக்குச்சியைக் கிழித்தான். ஏழாவது நிமிடத்தில் கேத்தல் கொதித்தது. தேயிலையை நான் போட்டேன்.